செல்லியின் மனநிலையைச் சொல்ல வந்த கழுத்துப்பட்டை: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாயின் கழுத்தில் மாட்டிவிட்டால் அதன் மனநிலையைக் கைபேசியில் சொல்லிவிடும் என்ற உறுதியோடு விற்கப்படும் ஒரு கழுத்துப்பட்டையை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் எழுத இருப்பவற்றில் பெரும்பகுதி, இதே வாக்குறுதியோடு சந்தைக்கு வந்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் செயலிகளுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டு நாய் செல்லிக்குப் பதினொரு வயது. வயது ஏற ஏற அது ஓசையடங்கிக்கொண்டே வந்தது. அந்த அமைதிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தவிப்பில்தான் இதை வாங்கினேன். வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கும் ஓர் உயிருக்கு வாய் கொடுப்பதாக ஒருவர் வந்து சொன்னால், அதை மறுத்துவிட்டுப் போவது எளிதல்ல.

பட்டையில் ஒலிவாங்கியும் அசைவுணரியும் உள்ளன. குரைப்பு, முனகல், நடை, ஓட்டம், உடல் உதறல், சொறிதல், உறக்கம் ஆகியவற்றை அது பதிவு செய்து செயலிக்கு அனுப்புகிறது. செயலி அவற்றைக் கொண்டு மகிழ்ச்சி, அமைதி, பதற்றம், கோபம், ஏக்கம், பொறாமை, குற்றவுணர்வு என்னும் ஏழு மனநிலைகளுள் ஒன்றை விழுக்காட்டோடு காட்டுகிறது. இந்த எண்ணம் புதியதன்று. 2002-ஆம் ஆண்டிலேயே ஜப்பானின் டக்காரா நிறுவனம் குரைப்பொலியை ஆறு உணர்ச்சி வகைகளாகப் பிரித்துக் காட்டும் ‘பவுலிங்குவல்’ என்ற கருவியை வெளியிட்டது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையே கணிக்கும் முறை மாறியிருக்கிறது. வாங்குபவரின் ஆசை மாறவில்லை.

முதல் இரண்டு வாரங்கள் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் அமர்ந்திருக்கும்போது ‘நான் உங்களைத் தேடுகிறேன்’ என்று செல்லி எழுதியதைப் போலவே ஒரு செய்தி வரும். வாராந்தர அறிக்கையில் ‘இந்த வாரம் அவள் மூன்று முறை பொறாமைப்பட்டாள்’ என்றிருக்கும். அந்த ‘அவள்’ என்ற சொல்லில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். நாயை ‘அது’ என்று எழுதக் கற்றுத்தந்த அதே இலக்கணம், பசு வருவதைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அது உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. பேசுபவரின் அன்பினால் அஃறிணை உயர்திணையாகிறது என்பதே அந்த விதியின் பொருள். மாற்றம் நேர்வது பேசுபவரின் நெஞ்சில்; பசுவிடம் எதுவும் மாறுவதில்லை. எங்கள் வீட்டில் செல்லியை ‘அவள்’ என்றுதான் சொல்வோம், அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஆனால் அன்பினால் நான் சொல்லும் ‘அவள்’ ஒன்று, அளந்து பார்த்ததாக ஓர் இயந்திரம் சொல்லும் ‘அவள்’ வேறொன்று. அதனால்தான் இந்த மதிப்புரை முழுவதும் ‘அது’ என்றே எழுதுகிறேன்.

முதல் ஐயம் குற்றவுணர்விலிருந்து வந்தது. ஒரு மாலை வீடு திரும்பியபோது பூந்தொட்டி ஒன்று உடைந்து மண் சிதறிக் கிடந்தது. நான் குரலை உயர்த்தினேன். செல்லி காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கிக்கொண்டு என்னைக் கடைக்கண்ணால் பார்த்தது. செயலி உடனே ‘குற்றவுணர்வு’ என்று காட்டியது. நானும் அதையே நினைத்திருந்தேன். இரவு உணவின்போது என் மகன் பந்து பட்டுத் தொட்டி உடைந்ததை ஒப்புக்கொண்டான். செய்யாத தவறுக்குச் செல்லி குற்றவுணர்வு கொண்டிருக்க வழியில்லை. அப்படியானால் நானும் செயலியும் சேர்ந்து பார்த்தது என்ன?

இதற்கு விடை 2009-ஆம் ஆண்டிலேயே கிடைத்திருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்பதை ஆய்வாளர் அவரிடம் சொல்வார். சில வேளைகளில் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார். ‘குற்றப் பார்வை’ என்று நாம் சொல்லும் அந்தத் தோற்றம், நாய் உண்மையில் தின்றதா என்பதைப் பொறுத்து அமையவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. நாம் குற்றவுணர்வு என்று பெயரிடும் தோற்றம், சினந்து நிற்கும் மனிதரைத் தணிக்க நாய் செய்யும் முயற்சி என்று கொள்வதே பொருந்துகிறது. நாயிடம் உணர்ச்சி இல்லை என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. நாம் வைத்த பெயர் பிழை என்று சொல்கிறது. அச்சத்தைப் பார்த்துவிட்டு ‘தப்புச் செய்தது அதற்கே தெரியும்’ என்று நாம் மேலும் திட்டுகிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு வேதனையாக இருந்தது. அன்று செல்லியிடம் நான் செய்ததும் அதுதான்.

செயலி மட்டும் ஏன் அதே பிழையைச் செய்தது என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். அவர்கள் மறைக்காமல் விடை அனுப்பினார்கள் என்பதற்கு நன்றி சொல்ல வேண்டும். பல்லாயிரம் காணொளித் துணுக்குகளை நாய் வளர்ப்பவர்களிடம் காட்டி, நாய் என்ன மனநிலையில் இருக்கிறது என்று கேட்டு, பெரும்பாலோர் சொன்ன விடையையே சரியான விடையாக வைத்துச் செயலியைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது கருவியின் இயல்பு முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. நாயின் மனம் இதில் எந்த இடத்திலும் கேட்கப்படவே இல்லை. நாயைப் பார்த்து மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையே இந்தக் கருவி கற்றிருக்கிறது. என் ஊகத்தை வேறு பலரின் ஊகத்தைக் கொண்டு உறுதி செய்துவிட்டு, அதன் மேல் ஒரு விழுக்காட்டை ஒட்டித் தருகிறது.

பலர் ஒத்துச் சொன்னால் அது சரியாக இருக்காதா என்று கேட்கலாம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாலி மொலினாரோவும் கிளைவ் வின்னும் 2025-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நாய் மகிழக்கூடிய சூழல்களிலும் அதற்குப் பிடிக்காத சூழல்களிலும் ஒரு நாயைப் படமெடுத்து, பிறகு சூழலையும் நாயையும் பிரித்து வேறு வகையில் ஒட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் நாயின் உடலைப் பார்த்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, சுற்றி நடப்பதைப் பார்த்தே மனநிலையைச் சொன்னார்கள். நடைக்கு அழைத்துச் செல்லும் வாரைக் காட்டினால் நாய் மகிழ்கிறது, தூசி உறிஞ்சும் கருவியைக் காட்டினால் வருந்துகிறது என்று நாய் மாறாமலே விடை மாறியது.

நியாயத்துக்காக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். குரைப்பில் செய்தியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2008-இல் ‘மூடி’ இன நாய்கள் 14-இன் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குரைப்பொலிகளைக் கணினிக்குக் கற்பித்தபோது, எந்தச் சூழலில் எழுந்த குரைப்பு என்பதை 43 விழுக்காடு அளவுக்கு அது சரியாகச் சொன்னது. ஆறு சூழல்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட இது வெகுவாக மேல். ஆனால் அந்நியர் வந்தபோது குரைத்தது, தனியே கட்டப்பட்டபோது குரைத்தது என்று வகைப்படுத்துவது வேறு. பொறாமை, ஏக்கம் என்று பெயரிடுவது வேறு. முன்னதைச் சரிபார்க்க முடியும். பின்னதைச் சரிபார்க்கும் வழி கருவியைச் செய்தவர்களிடமும் இல்லை.

நான் எளிய இரண்டு சோதனைகளைச் செய்து பார்த்தேன். பட்டையைக் கழற்றி ஒரு மெத்தைத் துண்டில் கட்டி, தரையில் இப்படியும் அப்படியுமாக இழுத்தேன். ‘மகிழ்ச்சி: விளையாட அழைக்கிறாள்’ என்றது திரை. அருகில் நின்ற என் மகன் அந்த மெத்தையைப் பார்த்தே ‘பாவம், ஓடி ஓடிக் களைச்சுப் போச்சு’ என்றான். 1944-இல் உளவியலாளர்கள் ஃப்ரிட்ஸ் ஹைடரும் மேரியன் சிம்மலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகர்ந்து திரியும் சிறு படமொன்றைக் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னபோது, 34 பேரில் ஒருவர் மட்டுமே அவற்றை வடிவங்களாக எழுதினாராம். மற்றவர்கள் துரத்தலையும் அச்சத்தையும் கோபத்தையும் கண்டார்கள். கோடுகளிலேயே இத்தனையைக் காணும் நமக்கு, கண்ணும் மூச்சும் உள்ள ஓர் உயிர் எதிரில் இருக்கும்போது உணர்ச்சியைக் காணாமல் இருப்பது இயலாது. நாயின் பங்கும் இதில் இருக்கிறது. உட்புருவத்தை உயர்த்தும் தசை நாய்களிடம் நன்கு வளர்ந்திருக்கிறது, ஓநாய்களிடம் அவ்வாறு இல்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் புருவம் உயரும்போது கண் பெரிதாகிக் குழந்தையின் முகச்சாயல் வருகிறது. மனிதர் துயரத்தில் இருக்கும் சாயலும் வருகிறது. நம்மோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில் நம் இரக்கமே அந்தத் தசையைத் தேர்ந்திருக்கக்கூடும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

இரண்டாவது சோதனை என்னை அதிகம் கலங்க வைத்தது. ‘உங்களைத் தேடுகிறேன்’ என்ற செய்தி நான் வெளியே இருக்கும்போது மட்டுமே வருவதைக் கவனித்து, ஒரு நாள் கைபேசியை என் தங்கையிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, நான் வீட்டில் அமர்ந்திருந்தேன். செல்லி என் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் தங்கையின் கையிலிருந்த கைபேசிக்கு ‘ஏக்கம்: நான் உங்களைத் தேடுகிறேன்’ என்று செய்தி வந்திருந்தது. கைபேசி இருக்கும் இடமும் கணக்கில் சேர்க்கப்படுகிறது என்று செயலியின் விதிமுறைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பிரிந்திருக்கும் ஒருவருக்கு எதைக் கேட்க ஆசையோ அதை அது சொல்லிக்கொண்டிருந்தது. உளவியலாளர் நிக்கலஸ் எப்லியும் அவருடைய உடனாய்வாளர்களும் 2007-இல், மனிதரல்லாதவற்றுக்கு மனித மனத்தை நாம் ஏற்றிச் சொல்வதற்கு மூன்று காரணங்களை முன்வைத்தார்கள். நமக்கு மிக அருகில் கிடைக்கும் அறிவு நம்மைப் பற்றிய அறிவே என்பது ஒன்று. எதிரில் இருப்பது அடுத்து என்ன செய்யும் என்று முன்னறிந்து நடந்துகொள்ளும் தேவை மற்றொன்று. உறவுக்கான பசி மூன்றாவது. தனிமை கூடும்போது இந்தப் பழக்கமும் கூடுகிறது என்று அவர்களின் தொடர் சோதனைகள் காட்டின. என் மூத்த மகள் படிப்புக்காக வீட்டை விட்டுச் சென்ற ஆண்டில்தான் நான் இந்தப் பட்டையை வாங்கினேன் என்பது அதைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது.

இனி, இந்த மதிப்புரையை எழுதியே ஆக வேண்டும் என்று என்னை உந்திய நிகழ்ச்சி. நான்காம் மாதத்தில் செல்லி விளையாட்டைக் குறைத்துக்கொண்டது. கயிற்றுப் பொம்மையைத் தொடவில்லை. கன்னத்தைத் தடவப் போனால் முகத்தை விலக்கிக்கொண்டது. உண்பதை மட்டும் நிறுத்தவில்லை. செயலியோ நாள்தோறும் ‘அமைதி’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. வார அறிக்கை ‘செல்லி இப்போது மிகவும் நிறைவாக இருக்கிறாள்’ என்று பாராட்டியது. முதுமையின் நிறைவு என்று நானும் நம்பினேன். ஏறக்குறைய மூன்று வாரங்கள் கழிந்த பிறகு வீட்டுக்கு வந்த என் தங்கை, ‘அக்கா, இவ ஒரு பக்கமாவே மெல்லுறா, கவனிச்சியா?’ என்று கேட்டாள். அன்று மாலையே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்து, வேரடியில் சீழ் கட்டியிருந்தது. பல் வலி உள்ள நாய்கள் பெரும்பாலும் உண்பதை நிறுத்துவதில்லை, அதனால்தான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். பல்லை எடுத்துப் புண் ஆறிய சில நாட்களில் செல்லி தானாகவே கயிற்றுப் பொம்மையைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது.

வீடு திரும்பியபின் செயலியின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மனநிலைப் பக்கம் முழுவதும் பச்சை. ஆனால் நான் அதுவரை ஒரு முறைகூடத் திறந்திராத உறக்கப் பக்கத்தில், அந்த மூன்று வாரங்களிலும் பகல் உறக்கம் கூடிக்கொண்டே போனதும், இரவில் செல்லி அடிக்கடி எழுந்து படுத்ததும், தலையை உதறிய எண்ணிக்கை ஏறியதும் வரைபடமாகத் தெளிவாக இருந்தன. கருவியிடம் உண்மை இருந்தது. அசைவு குறைந்தது, குரல் எழவில்லை என்ற அதே உண்மையை எடுத்து அதற்கு ‘நிறைவு’ என்று பெயரிட்டு முகப்பில் வைத்ததுதான் தவறு. பெயர் கிடைத்துவிட்டதால் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். கருவி இல்லாமல் இருந்திருந்தால் செல்லி ஏன் இப்படி ஒதுங்கியிருக்கிறது என்று முதல் வாரத்திலேயே குனிந்து பார்த்திருப்பேன் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

இதே மாதிரியான பெயர்ப்பிழைகள் நாயோடு நிற்பவையல்ல. டால்ஃபினின் தாடை அமைப்பே சிரிப்பது போல இருப்பதால், நோயுற்ற டால்ஃபினும் நம் கண்ணுக்கு மகிழ்ச்சியாகவே தெரிகிறது. பல்லைக் காட்டும் சிம்பன்சியின் படம் வாழ்த்து அட்டைகளில் சிரிப்பாக அச்சிடப்படுகிறது. பெரும்பாலும் அது அச்சத்தின் முகம். பூனை மகிழ்ச்சியில் ‘குர்ர்’ என்று ஒலிப்பது போலவே வலியிலும் ஒலிக்கும்.

இவற்றையெல்லாம் எழுதுவதால், விலங்குகளுக்கு உணர்ச்சியே இல்லை என்று சொல்லும் பழைய கட்சிக்கு நான் போய்விட்டதாக யாரும் எண்ண வேண்டாம். எளிய விளக்கம் போதுமான இடத்தில் உயர்ந்த மனச்செயலைக் கற்பிக்காதே என்று 1894-இல் உளவியலாளர் லாய்ட் மார்கன் வகுத்த நெறி நல்ல நெறிதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நூற்றாண்டுக் காலம் விலங்கின் வலியைக்கூட மேற்கோள் குறிக்குள் எழுதியவர்கள் இருந்தார்கள். டார்வின் 1872-இலேயே மனிதரின் உணர்ச்சி வெளிப்பாடுகளையும் விலங்குகளின் வெளிப்பாடுகளையும் ஒரே தொடர்ச்சியாக எழுதிவிட்டார். கிச்சுகிச்சு மூட்டப்பட்ட எலிகள் மனிதச் செவிக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலியெழுப்புவதையும், கிச்சுகிச்சு மூட்டிய கையையே அவை மீண்டும் நாடி வருவதையும் நரம்பியலாளர் ஜாக் பாங்செப் ஆய்வகத்தில் காட்டினார். விலங்குகளுக்கும் நமக்கும் உள்ள ஒற்றுமையைக் காண மறுப்பதும் ஒரு குருட்டுத்தன்மையே என்று குரங்கின ஆய்வாளர் ஃப்ரான்ஸ் டி வால் வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். அவரோடு நான் உடன்படுகிறேன். செல்லிக்கு வலித்தது, அது எனக்கு ஊகமாகத் தோன்றவில்லை.

உணர்ச்சி உண்டு என்று நம்புபவர்களுக்குத்தான் அதைச் சரியாகப் பார்க்கும் கடமை கூடுகிறது. அதற்கான வழிகள் இருக்கின்றன. 2010-இல் சுண்டெலிகளுக்கும் 2019-இல் பூனைகளுக்கும் வலியை முகத்தில் அளக்கும் அளவுகோல்கள் வெளியாயின. பூனைக்கானது காதின் நிலை, கண் இடுங்கல், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தலையின் நிலை ஆகிய ஐந்தை மட்டுமே பார்க்கச் சொல்கிறது. பார்த்ததற்கு மதிப்பெண் இடலாம். வலிமருந்து கொடுத்தபின் மதிப்பெண் இறங்குகிறதா என்று சோதிக்கலாம். பொறாமை, ஏக்கம் போன்ற பெரிய சொற்கள் அதில் இல்லை. இந்த அடக்கத்தைத்தான் பட்டை தயாரிப்பவர்கள் கற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கருவியின் மற்றத் தன்மைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டை இலேசானது, செல்லியின் கழுத்தில் புண்ணோ முடி உதிர்வோ ஏற்படவில்லை. மின்கலம் ஒருமுறை ஏற்றினால் நான்கு நாட்கள் வருகிறது. நனைந்தும் பழுதாகவில்லை. தமிழ் இடைமுகத்தின் மொழி நன்றாக இருக்கிறது, அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது என்பதே என் குறை. உறக்கம், நடை, சொறிதல், தலையுதறல் ஆகியவற்றின் கணக்கு நம்பத்தக்கது. ஒரு வாரம் நானே உடனிருந்து எண்ணிப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பதிவைக் கோப்பாக எடுத்து மருத்துவருக்கு அனுப்பும் வசதி இல்லாதது பெருங்குறை. திரையைப் படமெடுத்துத்தான் அனுப்பினேன். கைபேசியின் இருப்பிடத்தை எடுக்க வேண்டாம் என்று தடுக்க முடிகிறது, ஆனால் தடுத்ததும் ‘மனநிலைத் துல்லியம் குறையும்’ என்ற எச்சரிக்கை ஒவ்வொரு நாளும் வருகிறது.

முதிய நாய் வளர்ப்பவர்களுக்கும், நாள்பட்ட மூட்டு வலியோ தோல் அரிப்போ உள்ள நாயைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உறக்கக் கணக்குக்காக இதைப் பரிந்துரைப்பேன். முதன்முறையாக நாய் வளர்ப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டினர், மனநிலைப் பக்கத்தை நம்பி வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ‘மகிழ்ச்சி’ என்று திரை காட்டுகிறதே என்று விறைத்து நிற்கும் நாயைக் கட்டிக்கொள்ள ஒரு குழந்தை ஓடினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

நான் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் செல்லி செய்ததை மட்டும் எழுதுகிறேன்: இடது பக்கம் சாய்ந்து படுத்தது, இருமுறை எழுந்தது, வாசலைப் பார்த்தது. வலப்பக்கத்தில் அதற்கு நான் வைக்க விரும்பும் பெயரை எழுதுகிறேன். இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதில்லை. செயலியின் உயர்நிலைச் சந்தா சென்ற மாதம் முடிந்தது. அடிப்படைத் திட்டத்துக்கு மாறிக்கொண்டேன். அதில் மனநிலைப் பக்கம் கிடையாது, உறக்கமும் நடையும் அப்படியே கிடைக்கின்றன.